தாமரைத் தொட்டி ஆஸ்ட்ரகோட்: 'முதல் பதிவு' என்று எப்போது எழுதலாம்?

கேள்வி, 16 பிப்ரவரி 2025 (சிங்கப்பூர், பீஷானிலிருந்து ஒரு வாசகர்)

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்துத் தாமரைத் தொட்டியில் 2 மில்லிமீட்டர் நீளத்தில், பழுப்புப் பச்சை நிறத்தில், இரண்டு ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் உயிரிகள் ஏராளம். முதலில் சிப்பிக்குஞ்சு என்று நினைத்தேன். படத்தைப் போட்டுத் தேடியதில் ஆஸ்ட்ரகோட் என்றும் ஸ்டெனோசைப்ரிஸ் மேஜர் என்றும் வந்தது. ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா எங்கும் உள்ள இனமாம். சிங்கப்பூரில் பதிவானதாக எதுவும் கண்ணில் படவில்லை. அப்படியானால் இது முதல் பதிவுதானே? வெளியிலிருந்து வந்து பரவிய இனம் என்று எழுதிவிடலாமா?

16 பிப்ரவரி 2025, இரவு

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது எந்த இனம்? இதற்கு முன் இங்கே யாராவது பதிந்திருக்கிறார்களா? இது எப்போது, எப்படி இங்கே வந்தது? ஒன்றுக்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் கிடைத்த மாதிரி ஆகாது. முதல் கேள்விக்கே படம் போதாது என்பதுதான் என் கட்சி. விரிவாக நாளை எழுதுகிறேன். அதுவரை உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்டில் இனப்பெயர் போடாமல் 'ஆஸ்ட்ரகோட்' என்று மட்டும் போட்டு வையுங்கள்.

17 பிப்ரவரி 2025

ஆஸ்ட்ரகோட் என்பது இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்தது. சிப்பிக்கும் அதற்கும் உறவில்லை. ஓடு மட்டும் இரண்டாக இருக்கும், முதுகுப் பக்கம் கீல் போட்டு இணைந்திருக்கும். தொட்டால் மூடிக்கொள்ளும். உள்ளே கால், உணர்கொம்பு, கண் எல்லாம் உண்டு. கடலில் ஏராளமான வகைகள். கடல் அல்லாத நீரில் வாழ்பவற்றின் உலகப் பட்டியல் 2019-இல் வெளியானது. அதில் 2,330 இனங்கள், 270 பேரினங்கள் (நெருங்கிய இனங்களின் தொகுதி பேரினம்; ஸ்டெனோசைப்ரிஸ் பேரினப் பெயர், மேஜர் இனத்தின் பெயர்).

நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது பக்கவாட்டுத் தோற்றம் மட்டும். நீளமாக, ஒல்லியாக இருக்கிறது. அந்த வடிவத்தில் ஸ்டெனோசைப்ரிஸ் மட்டுமா இருக்கிறது? கிறிஸ்ஸியா, டோலெரோசைப்ரிஸ், டானிசைப்ரிஸ் என்று நீளவாக்குப் பேரினங்கள் பல உண்டு. வெப்பமண்டல ஆசியாவில் எல்லாமே எதிர்பார்க்கக்கூடியவை. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் மென்பொருளுக்கு எந்தப் படம் அதிகம் கொடுக்கப்பட்டதோ அந்தப் பெயர்தான் முதலில் வரும். பரவலான இனத்துக்குத்தான் படமும் அதிகம். அதனால் அந்தப் பெயர் மேலும் பரவலாகிக்கொண்டே போகும்.

எங்கள் ஈசூன் தோட்டத்திலும் தாமரைத் தொட்டி இருக்கிறது. அதிலும் இதே உருவத்தில் ஓடுகிறது. பல மாதமாகப் பார்த்தும் பெயர் போடாமல் வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியைச் சாக்காக வைத்து இரண்டையும் சேர்த்து ஒழுங்காகப் பார்த்துவிடலாம்.

19 பிப்ரவரி 2025

எப்படிச் சேகரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். தொட்டித் தண்ணீரை மேலாக மொண்டால் பாதிதான் வரும். அடிச்சேற்றின் மேற்பரப்பைக் கலக்கி, தேநீர் வடிகட்டியை விட நெருக்கமான வலையில் வடித்து, வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். தட்டில் ஊர்ந்தும் அவ்வப்போது நீந்தியும் போகும்.

சேமிக்க எத்தனால். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். ஓடு கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகி ஓட்டைத் தின்றுவிடும். பழைய சேகரிப்புகளில் உடல் இருக்கும் ஓடு இருக்காது என்ற நிலை வருவது இதனால்தான். எத்தனாலையும் ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் ஓடு திறந்த நிலையில் இறக்கும், பிறகு பிரிப்பது சுலபம். ஒரேயடியாக ஊற்றினால் இறுக மூடிக்கொண்டு செத்துப்போகும். அதைத் திறக்கப் படும் பாடு தனி.

ஒரு எச்சரிக்கை. தொட்டியைப் பராமரிக்கும் அக்காவிடமோ ஆன்ட்டியிடமோ சொல்லிவிட்டு எடுங்கள். பூங்காக் குளத்திலோ இயற்கை வனப்பகுதியிலோ எடுப்பதாக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி கட்டாயம். அனுமதியில்லாமல் எடுத்த மாதிரியை எந்த ஆய்விதழும் ஏற்காது.

23 பிப்ரவரி 2025

ஞாயிறு முழுக்க இதுவே வேலை.

முதலில் வயதுக்கு வந்ததையும் வராததையும் பிரித்தேன். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. நன்னீர் ஆஸ்ட்ரகோட்டுகளில் பெரும்பாலானவை முட்டையிலிருந்து வந்த பின் எட்டு முறை தோலுரித்த பிறகே முழு வளர்ச்சி அடையும். ஒவ்வொரு முறையும் ஓட்டையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளும். கடைசிக்கு முந்தைய நிலையில் உள்ளது அளவில் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் உருவ விகிதம் வேறு. அதை வைத்து இனம் சொன்னால் தப்பான இனம் வரும், சில நேரம் 'புதிய இனமே' வந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓட்டின் உட்புற விளிம்பில் சுண்ணாம்பு ஏறிய ஒரு மடிப்பு இருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்ததில் அது முன்முனையில் நல்ல அகலமாக இருக்கும். இளசில் ஒரு கீற்றாகத்தான் இருக்கும். அப்புறம் சூலகம். இது சேர்ந்த சைப்ரிடிடே குடும்பத்தில் சூலகம் உடலுக்குள் மட்டும் நிற்காமல் ஓட்டின் இரட்டைச் சுவருக்குள்ளும் நீண்டு போகிறது. கீழிருந்து வெளிச்சம் விட்டுப் பார்த்தால் பின்பாதியில் மஞ்சளாக வளைந்து போவது ஓட்டுக்கு வெளியிலிருந்தே தெரியும். அதைப் பார்த்தவுடன் அடுத்ததை எடுக்க மனமே வரவில்லை. உயிரோடு இருக்கும்போதே இவ்வளவு தெரிகிறது.

எங்கள் தொட்டியில் முழு வளர்ச்சி அடைந்தவை 2 மில்லிமீட்டரைச் சற்று ஒட்டியும் தாண்டியும் இருந்தன. எல்லாம் பெண். ஆண் ஒன்றுகூட இல்லை.

23 பிப்ரவரி 2025, பின்னிரவு

ஆண் இருந்தால் எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் குடும்பத்து ஆணுக்குள் விந்தைத் தள்ளுவதற்கென்றே முள் வளையங்களோடு கூடிய இரண்டு பெரிய குழாய்கள் இருக்கும், சென்கர் உறுப்பு என்பார்கள். கண்ணில் படாமல் போகாது. இவற்றின் விந்தணு சில இனங்களில் சொந்த உடம்பை விட நீளம். மியன்மார் ஆம்பரில் (கல்லாகிப்போன மரப்பிசின்) சிக்கிய, சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையான ஆஸ்ட்ரகோட்டுக்குள்ளேயே அப்படிப்பட்ட விந்தணு இருந்ததை 2020-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் நம் கேள்விக்கு முக்கியம் ஆண் இல்லாமல் இருப்பது. நன்னீர் ஆஸ்ட்ரகோட்டுகள் பலவற்றில் பெண் தனியாகவே முட்டையிட்டுப் பெண்ணையே பெறுகிறது. ஒரே ஒரு முட்டை ஒரு தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், சில மாதத்தில் தொட்டி நிறையும். 'பரவலான இனம்' என்ற பட்டம் இவற்றுக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதில் பாதி இதுதான்.

2 மார்ச் 2025

பிரித்தெடுப்பு. சத்தே குச்சியின் முனையில் பூச்சி ஊசி செருகி ஒட்டிய இரண்டு ஊசிகள்தான் கருவி. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரின். அதில் ஓட்டைத் திறந்து, வலது ஓடு, இடது ஓடு இரண்டையும் கழற்றித் தனியாகக் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். உடலை கிளிசரினிலேயே பகுதி பகுதியாகப் பிரித்துப் பரப்பி, மேலே மூடுதகடு போட்டு, ஓரத்தை நகப்பூச்சால் அடைக்க வேண்டும். தேக்காவில் வாங்கிய நகப்பூச்சு நன்றாகவே பிடிக்கிறது.

பார்க்க வேண்டியது உடலின் கடைசியில் இருக்கும் வால்கிளை. ஜோடியாக இருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் நகங்கள். பெரும்பாலான ஆஸ்ட்ரகோட்டுகளில் இடமும் வலமும் ஒரே மாதிரி. இதில் அப்படி இல்லை. ஒரு கிளை மற்றதை விடத் தடிமன். அதன் பின்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி முட்கள் வரிசையாக, கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. மற்றக் கிளையில் முட்கள் இருக்கின்றன, ஆனால் அடக்கமாக. உருப்பெருக்கியின் குவியத்தை மெதுவாகத் திருப்பும்போது ஒரு வரிசை மறைந்து இன்னொரு வரிசை எழும். இந்த இட வல வித்தியாசமும் முள்வரிசையும்தான் ஸ்டெனோசைப்ரிஸுக்கு அடையாளம்.

ஆகப் பேரினம் உறுதி. இது படத்திலிருந்து கிடைக்கவே கிடைக்காது.

3 மார்ச் 2025

'பேரினம் வந்துவிட்டதே, இனமும் மேஜர்தானே, வேறு என்ன இருக்கப்போகிறது' என்று எழுதியிருந்தவருக்கு: வேறு நிறைய இருக்கிறது. ஸ்டெனோசைப்ரிஸ் மால்கம்சோனை இருக்கிறது, பிரேடி 1886-இல் இலங்கை மாதிரிகளிலிருந்து எழுதியது. ஸ்டெனோசைப்ரிஸ் ஹிஸ்லாபை இருக்கிறது, 1969-இல் பெயர் பெற்றது. இரண்டும் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். உலகப் புகழ் பெற்ற பெயரை முதலில் போட்டுவிட்டு மற்றதை விலக்காமல் விடுவது, விருந்தாளியின் முகத்தைப் பார்க்காமலே பெயர் சொல்லி வரவேற்பதற்குச் சமம்.

8 மார்ச் 2025

மேஜர் என்ற பெயரின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். இத்தனை சுவையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தக்காணத்து எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு நடுவே பழைய ஏரிகளின் படிவுகள் அகப்படும். லாவா ஒரு முறை ஓடி, இடைவெளி விட்டு மறுமுறை ஓடுவதற்குள் அங்கே குளம் தேங்கி, உயிர்கள் வாழ்ந்து, புதைந்தவை. சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழமை. மால்கம்சன் என்பவர் அந்தப் படிவுகளில் சேகரித்த புதைபடிவங்களை சோவர்பி விவரித்தார். கட்டுரை 1840-இல் அச்சானது. அதில் ஒரு நீளமான ஆஸ்ட்ரகோட் ஓட்டுக்கு சைப்ரிஸ் சிலிண்ட்ரிகா என்று பெயர்.

அப்புறம் நாக்பூர். அங்கே இருந்த பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப் அந்த வட்டாரத்தின் பாறை, புதைபடிவம் எல்லாம் தேடித் திரிந்தவர். குளங்களிலிருந்து உயிருள்ள சிற்றுயிரிகளையும் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார். வில்லியம் பேர்ட் 1859-இல் அவற்றை விவரித்தபோது, நீளமான ஒரு ஆஸ்ட்ரகோட்டை அந்தப் புதைபடிவத்தின் பெரிய வகை என்று எடுத்துக்கொண்டு, சைப்ரிஸ் சிலிண்ட்ரிகா என்ற பெயரோடு மேஜர் என்பதைச் சேர்த்தார். அந்த 'மேஜர்'தான் இன்று ஸ்டெனோசைப்ரிஸ் மேஜர். புதைபடிவம் தனியே போய்விட்டது, இப்போது மங்கோலியனெல்லா சிலிண்ட்ரிகா என்று எழுதுகிறார்கள்.

நம் தொட்டியில் நீந்துவதன் பெயர் நாக்பூர்க் குளத்தில் பிறந்து, டைனோசர் காலத்துக் கடைசியில் வாழ்ந்த ஒன்றின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பேர்ட் தவறு செய்தார் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஓட்டின் வடிவத்தைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். வடிவத்தை மட்டும் வைத்தால் இடையில் ஆறரைக் கோடி ஆண்டு இருப்பதுகூடத் தெரியாது. பீஷான் படத்தை வைத்து இனப்பெயர் சொல்ல நான் தயங்குவது ஏன் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

9 மார்ச் 2025

நேற்றைய குறிப்போடு ஒட்டிய விஷயம். ஸ்டெனோசைப்ரிஸ் என்ற பேரினத்தை உருவாக்கியவர் நார்வேக்காரர் ஜி. ஓ. சார்ஸ், 1889-இல். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகவில்லை. அங்கிருந்து காய்ந்த சேற்றைப் பொட்டலமாக வரவழைத்து, ஊரில் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தார். முட்டைகள் பொரித்தன. வெப்பமண்டல உயிரிகளை நார்வேயில் உயிரோடு வளர்த்து, வரைந்து, விவரித்தார்.

அந்தக் காய்ந்த முட்டைதான் நம் கதையின் மறுபாதி. தண்ணீர் வற்றினாலும் சேற்றில் காத்திருக்கும். பறவையின் காலில் ஒட்டும். நாற்றோடு போகும், செடித் தொட்டி மண்ணோடு போகும். இத்தாலியின் நெல்வயல்களில் ஆசிய ஆஸ்ட்ரகோட்டுகள் பல வாழ்வது நெல் சாகுபடியோடு போனதால்தான் என்று நீண்ட காலமாக எழுதுகிறார்கள். ம்யூனிக் தாவரவியல் பூங்காவில் அல்லி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்திலிருந்தே ஒரு புதிய டானிசைப்ரிஸ் இனம் 2014-இல் விவரிக்கப்பட்டது.

15 மார்ச் 2025

சார்ஸ் செய்ததை நாமும் செய்யலாமே என்று, தொட்டிச் சேற்றில் ஒரு கை எடுத்துத் தட்டில் பரப்பித் தாழ்வாரத்தில் காயவைத்திருக்கிறேன். செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, கொசு. சேற்றில் தண்ணீர் ஊற்றிய பிறகு அது தேங்கிய நீர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தேங்கிய நீர் வைப்பது விளையாட்டு இல்லை. டெங்கி இருக்கும் ஊர், தேசியச் சுற்றுப்புற வாரியம் சோதிக்க வருவதும் நியாயம்தான். மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, ஓரத்தில் ரப்பர் வளையம் போட்டு மூடுங்கள். இடைவெளியே இருக்கக் கூடாது.

இரண்டு, தண்ணீர். இங்கே குழாய் நீரில் குளோரமின் இருக்கிறது. இரவு முழுக்கத் திறந்து வைத்தால் போய்விடும் என்பது குளோரினுக்கு, இதற்கு அல்ல. மீன் தொட்டிக்காரர்கள் போடும் குளோரின் நீக்கி ஒரு சொட்டு வேண்டும். அதோடு, அதே சேற்றில் ஒரு பங்கைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, அதே தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் இன்னொரு தட்டில் வையுங்கள். அதிலும் ஏதாவது ஓடினால் தண்ணீர் வழியாகவோ காற்று வழியாகவோ வந்தது என்று அர்த்தம்.

17 மார்ச் 2025

மீன் தொட்டி வைத்திருப்பவர் ஒருவர்: 'கப்பி மீன் விட்டால் ஆஸ்ட்ரகோட் எல்லாம் தீர்ந்துவிடும்.' எங்கள் தொட்டியில் கப்பி இருக்கிறது. ஆஸ்ட்ரகோட்டும் இருக்கிறது. சைப்ரிடாப்சிஸ் விடுவா என்ற ஆஸ்ட்ரகோட் இனத்தை புளூகில் மீன் விழுங்கி, உயிரோடு மறுபக்கம் வெளியே விட்டதை 1979-இல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். ஓட்டை இறுக மூடிக்கொண்டால் செரிமானத்தையும் தாண்டி வந்துவிடுகிறது.

29 மார்ச் 2025

தண்ணீர் ஊற்றிய தட்டில் குட்டிகள். கொதிக்கவைத்த தட்டில் எதுவும் இல்லை. ஆக எங்கள் தொட்டியில் இருப்பது காய்ந்துபோவதைத் தாங்கும் முட்டை இடுகிறது. இது இனத்தைச் சொல்லாது. வந்து சேரும் வழிகள் பல திறந்திருக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறது. எங்கள் தாமரைக் கிழங்கு ஒரு நாற்றங்காலிலிருந்து வந்தது. நாற்றங்காலுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் எதுவும் இல்லை.

5 ஏப்ரல் 2025

'சிங்கப்பூரில் வேறு எங்கே தேடலாம்?' என்ற கேள்வி. என் யோசனை இது.

நம் ஊரில் நன்னீர் உயிரி என்றதும் எல்லாரும் நீ சூன் சதுப்புக் காட்டைச் சொல்வார்கள். மீன், நண்டு, தும்பி எல்லாவற்றுக்கும் அது பொக்கிஷம், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது, சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆஸ்ட்ரகோட் ஒவ்வொரு முறை தோலுரித்த பிறகும் புது ஓட்டுக்கான கால்சியத்தை நீரிலிருந்து எடுக்கிறது, கழற்றிய ஓட்டிலிருந்து திரும்ப எடுப்பதில்லை. அமில நீரில் அது பெரிய சுமை. அங்கே இருக்கவே இருக்காது என்று சொல்லவில்லை. அங்கே கிடைப்பவை வேறு வகையாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

சிமெண்டு தொட்டி, சிமெண்டு வாய்க்கால், கிராஞ்சி, லிம் சூ காங் பக்கத்துப் பண்ணைக் குளங்கள், சிராங்கூன் நார்த் மீன் கடைகளில் விற்கும் நீர்ச்செடிகளின் வேர் இவையெல்லாம் ஸ்டெனோசைப்ரிஸ் மாதிரியானவற்றுக்கு ஏற்றவை. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வருகிறது. யாரும் ஆய்வு செய்யப் போகாத இடங்களும் அவைதான்.

6 ஏப்ரல் 2025

இங்கேதான் 'முதல் பதிவு' விஷயத்துக்கு வர வேண்டும்.

நம் வட்டாரத்து நன்னீர் ஆஸ்ட்ரகோட்டுகளை முறையாக எழுதியவர்கள் விக்டரும் ஃபெர்னாண்டோவும். இந்திய இனங்கள் பற்றிய அவர்களின் பெரிய தொகுப்பு 1979-இல் வந்தது. அடுத்த ஆண்டுகளில் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் என்று தொடர்ந்தார்கள். ஃபெர்னாண்டோ இலங்கையில் பிறந்து கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நன்னீர் உயிரியலாளர். கட்டுரைத் தலைப்புகளில் சிங்கப்பூர் இல்லை என்பதால் உள்ளேயும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சேகரித்த இடங்களின் பட்டியலை வரி வரியாகப் படிக்க வேண்டும். பழைய கட்டுரைகளில் இதே உயிரி வேறு பேரினப் பெயரில் ஒளிந்திருக்கவும் கூடும். ஆகவே தேடல் இன்றைய பெயரில் மட்டும் இல்லாமல் பழைய பெயர்கள் எல்லாவற்றிலும் நடக்க வேண்டும். லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் எழுதிக் கேட்பதும் அவசியம், அச்சாகாத மாதிரிகள் குப்பியில் இருக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகுதான் 'இதுவரை அச்சில் இல்லாத பதிவு' என்று எழுத வாய் வரும். அப்போதும் அது நமக்குத் தெரியவந்த நாளைத்தான் சொல்லும். அது இங்கே வந்த நாளைச் சொல்லாது. ஐம்பது ஆண்டு யாரும் தொட்டியைக் கலக்கிப் பார்க்காத ஊரில், கலக்கிப் பார்த்த முதல் நாள் கிடைத்ததை 'புதிதாக நுழைந்தது' என்று சொன்னால், அந்த ஐம்பது ஆண்டும் அது இல்லை என்று சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு சாட்சி நம்மிடம் இல்லை. 'வந்தேறி இனம்' என்று ஒரு முறை பட்டியலில் ஏறிவிட்டால் அதை இறக்குவது எவ்வளவு கடினம் என்று செடி, பறவை ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

12 ஏப்ரல் 2025

பீஷான் மாதிரிகள் வந்து சேர்ந்தன. குப்பியில் லேபிள் உள்ளேயே போட்டு, பென்சிலில் எழுதியிருந்தீர்கள். மிக நன்றி, பேனா மை எத்தனாலில் கரைந்துபோகும்.

பேரினம் அதே ஸ்டெனோசைப்ரிஸ். வால்கிளை முள்வரிசை தெளிவாக இருக்கிறது. இங்கேயும் எல்லாம் பெண். ஆனால் ஈசூன் மாதிரியோடு ஓட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பின்முனை வளைவு கொஞ்சம் வேறு. ஈசூனில் மெல்லக் கூர்ந்து இறங்குகிறது, பீஷானில் உருண்டு முடிகிறது. வால்கிளை நகங்களின் நீள விகிதத்திலும் சின்ன வித்தியாசம். ஒரே இனத்துக்குள் இருக்கக்கூடிய வேறுபாடா, இரண்டு இனமா? பெண் மட்டுமே உள்ள கூட்டங்களில் ஒவ்வொரு தொட்டியும் ஒரு தாய்வழி. அந்த வழிக்கென்று ஒரு முகச்சாயல் இருந்துகொண்டே இருக்கும். வேறு எந்தத் தொட்டியோடும் கலக்காது. அதனால் வித்தியாசம் நிலையாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இரண்டு இனம் என்று சொல்லிவிட முடியாது.

13 ஏப்ரல் 2025

மரபணு பார்த்தால் முடிந்துவிடாதா என்று கேட்கிறீர்கள். உதவும். ஆனால் அது திறக்கும் கதவு பெரியது. ஐரோப்பாவில் யூசைப்ரிஸ் வைரன்ஸ் என்று ஒரு பரவலான ஆஸ்ட்ரகோட் இனம், நூறாண்டுக்கு மேல் ஒரே பெயரில் அழைக்கப்பட்டது. 2010-இல் மரபணுவை ஆராய்ந்தபோது அந்த ஒரு பெயருக்குள் 35-க்கு மேற்பட்ட மறைந்த இனங்கள் இருப்பது தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பிரித்தறிவது மகா கடினம்.

ஸ்டெனோசைப்ரிஸ் மேஜருக்கும் அப்படி இருந்தால்? நம் தொட்டி மரபணுவை எதோடு ஒப்பிடுவது? நாக்பூர்ப் பக்கத்துக் குளங்களிலிருந்து எடுத்த மாதிரியோடு ஒப்பிட்டால்தான் மேஜர் என்ற பெயருக்கு நம்மிடம் உரிமை இருக்கிறதா என்று தெரியும். ஏதோ ஒரு நாட்டில், யாரோ மேஜர் என்று பெயர் ஒட்டிப் பதிவேற்றிய மரபணு வரிசையோடு பொருந்தினால், அவரும் நாமும் ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறோம் என்பதுதான் தெரியும்.

நாக்பூர் வட்டாரத்தில் யாராவது படிக்கிறீர்களா? கல்லூரி விலங்கியல் துறை ஆள் யாராவது? மழைக்காலத்தில் ஒரு குளத்துச் சேற்றை அங்கேயே அனுமதியோடு எடுத்து, அங்கேயே ஆய்வு செய்து வெளியிட்டால் உலகத்துக்கே பயன்படும்.

19 ஏப்ரல் 2025

ஒப்பிடும் வேலை முடிந்தது. இந்திய, தென்கிழக்காசிய விவரணைகளின் படங்களோடு ஓட்டின் முன்முனை, பின்முனை, உள்மடிப்பின் அகலம், வால்கிளை முட்கள், நகங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பீஷான் மாதிரி மேஜரின் படங்களோடு நன்றாகவே பொருந்துகிறது. ஈசூன் மாதிரி பெரும்பாலும் பொருந்தி, பின்முனையில் மட்டும் விலகுகிறது.

ஆகவே என் முடிவு. பீஷான் மாதிரிக்கு ஸ்டெனோசைப்ரிஸ் சி.எஃப். மேஜர் என்று எழுதுகிறேன். சி.எஃப். போட்டால் 'இதுவாகத்தான் தெரிகிறது, ஒப்பிட்டுச் சரிபார்க்கவும்' என்று பொருள். ஈசூன் மாதிரிக்கு 'ஸ்டெனோசைப்ரிஸ் பேரினத்தில் ஏதோ ஒரு இனம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முழுப்பெயர் போட்டால் வரைபடத்தில் சிங்கப்பூர் மேல் ஒரு புள்ளி விழும். அடுத்து வருபவர் அந்தப் புள்ளியை எண்ணி 'இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை தொடர்ச்சியாக உள்ளது' என்று எழுதுவார். புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருந்தது என்பது வரைபடத்தில் தெரியாது.

20 ஏப்ரல் 2025

'இவ்வளவு செய்தும் சி.எஃப்.தானா' என்ற ஏமாற்றம் புரிகிறது. எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் நம்மிடம் ஒரு படமும் ஒரு மென்பொருள் ஊகமும் இருந்தன. இப்போது இரண்டு பேட்டை, பிரித்தெடுத்த தகடுகள், காய்ந்த ஓடுகள், எத்தனாலில் முழு உயிரிகள், சேற்றிலிருந்து பொரித்த குட்டிகள் எல்லாம் இருக்கின்றன. பெயரை நாளை யார் மாற்றினாலும் இந்த மாதிரிகளை எடுத்துப் பார்த்து மாற்றலாம்.

26 ஏப்ரல் 2025

எப்படி எழுதி அனுப்புவது என்று பீஷான் நண்பர் வரைவு கேட்டார். நான் எழுதுவது இப்படி: 'பீஷானில் சமூகத் தோட்டத்துத் தாமரைத் தொட்டியில் ஸ்டெனோசைப்ரிஸ் சி.எஃப். மேஜர், பெண்கள் மட்டும், பிப்ரவரி முதல் ஏப்ரல் 2025. பூர்வீகமா வந்ததா என்பது தீர்மானிக்கப்படவில்லை.' தாமரைத் தொட்டி என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் போட்டால், இயற்கைக் குளத்தில் கிடைத்தது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

மாதிரிகளை அரும்பொருளகத்தில் ஒப்படைக்கக் கேட்டு எழுதப்போகிறேன். அதுவரை இரண்டு தொட்டி மாதிரிகளும் தனித்தனிக் குப்பியில் இருக்கட்டும். அடுத்த முறை எடுக்கும்போது வலையை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகு மற்றத் தொட்டியில் இறக்குங்கள். இல்லையென்றால் ஈசூன் முட்டை பீஷானுக்கு நம் வலையிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.